விடை கிடைக்காத சாழல்: துடுக்கான சிறுமியும் சமயமும்

சமயம் புனிதமென்று வகுத்துவைத்த ஒன்றைக் கண்டு ஒரு சிறுமி வாய்விட்டுச் சிரித்தால் அதை இறைமறுப்பு என்பதா, அறியாமை என்பதா, வழிபாட்டிலேயே ஒரு வகை என்பதா என்னும் கேள்வி, தமிழில் சாத்திர நூல்களைவிடப் பாடல்களிலும் கதைகளிலுமே மிகுதியாக எழுப்பப்பட்டு வந்திருக்கிறது. இக்காலத்தில் அது பெரும்பாலும் வளர்பருவ நாவல் என்னும் வடிவில் வருகிறது. சிறுவயதில் தொடங்கி, தான் வாழும் ஊரின் நியாய அநியாயங்களைத் தானே எடைபோடும் வயது வரை ஒருவரைப் பின்தொடரும் கதையையே வளர்பருவ நாவல் என்கிறார்கள். அதன் தலைமை மாந்தர் துடுக்கான சிறுமியாக அமைந்துவிட்டால், ஊரார் மதிக்கும் பெரியவர்களும் சடங்குகளும் போதனைகளும் அவள் கண்ணுக்குச் சற்றுக் கோணலாகவே தெரியுமாதலால், நகைச்சுவை அழையாமலே வந்து சேர்ந்துகொள்கிறது.

இவ்வகை நாவலுக்கு உலகெங்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது, ஹார்ப்பர் லீ எழுதி 1960இல் வெளிவந்த ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’. அமெரிக்காவில் தெற்கு என்றால், அடிமைமுறையை விட மனமின்றிப் பிரிந்து 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடத்திய மாநிலங்களையும், அங்கே போருக்குப் பின்னரும் நீடித்த நிறப் பிரிவினையையும், ஞாயிறுதோறும் தவறாமல் நிரம்பும் தேவாலயங்களையும் சேர்த்தே குறிக்கும். அந்தத் தெற்கின் அலபாமா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வளரும் ஸ்கௌட் என்னும் சிறுமி, எங்கோ தொலைதூரத்துப் பழங்குடியினரின் துயரத்துக்காகத் தேநீர்க் கோப்பையுடன் கண்ணீர் விடும் சமயப்பணி மாதர்கள், தங்கள் வீட்டில் வேலை செய்யும் கறுப்பினப் பெண்களின் முகவாட்டத்தைப் பற்றி மட்டும் எரிச்சலோடு பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஹிட்லர் யூதர்களைத் துன்புறுத்துவது கொடுமை என்று பாடம் நடத்தும் ஆசிரியை சொந்த ஊரின் கறுப்பினத்தாரைப் பற்றி வேறு விதமாகப் பேசியது ஏன் என்று வீட்டில் வந்து கேட்கிறாள். அவள் கேட்பது அரசியல் கேள்வியாகத் தோன்றினாலும், எல்லாரையும் ஒரே கடவுள் படைத்தார் என்று கற்பித்த சமயத்தை நம்பியதால்தான் அந்தக் கேள்வி அவளுக்கு எழுகிறது.

தமிழகத்தின் தெற்கில் இதற்கு இணையான சிறுமி பாமாவின் எழுத்துகளில் வருகிறாள். 1958இல் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் புதுப்பட்டியில், பறையர் சமூகத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த பாமா, 1992இல் ‘கருக்கு’ என்னும் தன்வரலாற்று நூலையும் 1994இல் ‘சங்கதி’ என்னும் நாவலையும் வெளியிட்டார். புதுப்பட்டி இன்று விருதுநகர் மாவட்டத்திலும், செட்டிநாட்டு வணிகரான நகரத்தாரின் ஊர்களுள் ஒன்றும் பின்னர் நாம் திரும்பப்போவதுமாகிய கண்டனூர் சிவகங்கை மாவட்டத்திலும் இருப்பினும், 1910இல் அமைக்கப்பட்ட பழைய இராமநாதபுரம் மாவட்டம் 1985இல் மூன்றாகப் பிரிக்கப்படும் வரை இரண்டும் ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவையே. சூடிக்கொடுத்த நாச்சியாராகிய ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூரும் அதே மாவட்டத்தில்தான் இருந்தது. ஆண்டாளின் ஊரும் பாமாவின் ஊரும் ஒரே மலைத்தொடரின் அடிவாரத்தில் அருகருகே இருப்பதை இலக்கிய வரலாறுகள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஆயினும் சமயக் கேள்வி என்று வரும்போது இந்த அண்மை பொருளுடையதாகிறது.

‘கருக்கு’ நூலில் பலரும் நினைவில் வைத்திருக்கும் காட்சி ஒன்று உண்டு. தொடக்கப் பள்ளியில் படிக்கும் சிறுமி கடைத்தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டே வீடு திரும்புகையில், தன் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கையால் தாங்காமல், அதைக் கட்டிய சரட்டைப் பிடித்துத் தொங்கவிட்டபடி கொண்டுபோய் மேல்சாதியாரான நாயக்கர் ஒருவரிடம் பணிந்து நீட்டுவதைக் காண்கிறாள். அவ்வளவு பெரிய மனிதர் இத்தனை சிறிய பொட்டலத்தை இப்படித் தூக்கிவரும் கோலம் அவளுக்குப் பெருஞ்சிரிப்பை மூட்ட, வீட்டுக்கு வந்து அண்ணனிடம் அதை நடித்துக் காட்டாத குறையாகச் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தங்கள் சாதியாரின் கைபட்டால் தீட்டாகிவிடும் என்பதால்தான் அவர் அப்படிக் கொண்டுபோனார் என்று விளக்குகிறான். சிரிப்பில் தொடங்கிய நிகழ்ச்சி அத்துடன் சினமாக மாறுகிறது. சிறுமியின் குழந்தைப் பருவம் அங்கேயே பாதி முடிந்துவிடுகிறது எனலாம்.

இக்காட்சியைச் சாதிக் கொடுமையின் சித்திரமாக மட்டும் படித்துவிட்டு நகர்வது வழக்கம். ஆனால் அவள் சிரித்ததற்கும் ஒரு தத்துவப் பொருள் உண்டு. மனிதனின் கை பட்டால் பொருள் மாசுபடும் என்னும் கோட்பாட்டை அறியாத கண்ணுக்கு, அக்கோட்பாட்டின்படி நடக்கும் செயல் வேடிக்கையாகத் தெரிகிறது என்றால், அந்தச் செயலுக்கு இயற்கையில் வேர் ஏதுமில்லை; கற்பித்தவர்களின் நினைவில் மட்டுமே அது உயிர் வாழ்கிறது. அண்ணனின் விளக்கம் கிடைக்கும் முன் அவள் சிரித்த அந்தச் சில நிமிடங்களே, தீட்டு என்னும் கருத்துக்கு எதிராகக் கூறக்கூடிய மிக வலுவான வாதம்.

இதே கேள்விக்கு, அந்த மலையடிவாரத்திலேயே, வைணவ மரபு ஏற்கெனவே ஒரு தீர்ப்பு வழங்கியிருக்கிறது. பெரியாழ்வார் இறைவனுக்கென்று தொடுத்து வைத்த மாலையை மகள் கோதை, அதாவது ஆண்டாள், தான் சூடி அழகு பார்த்துவிட்டு வைத்தாள் என்பதும், அதை அறிந்து அஞ்சிய தந்தை வேறு மாலை தொடுத்துக் கொண்டுபோக, அவள் சூடியதே வேண்டும் என்று இறைவன் கூறினான் என்பதும் குருபரம்பரைக் கதைகள் சொல்வன. ஒருவர் சூடியதை இறைவனுக்குச் சாற்றலாகாது என்பது ஆசாரம். அந்த ஆசாரத்தைத் துடுக்காக மீறிய பெண்ணின் பக்கம் இறைவனே நின்றான் என்று மரபு நம்புவதால்தான், இன்றும் ஆண்டாள் சூடிய மாலை திருப்பதிப் பிரம்மோற்சவத்தின் கருடசேவைக்கும், மதுரைச் சித்திரைத் திருவிழாவில் வைகையில் இறங்கும் கள்ளழகருக்கும் ஆண்டுதோறும் அனுப்பப்படுகிறது. ஒரு பெண்ணின் உடல் பட்டதால் மாலை புனிதமாயிற்று என்று நம்பும் நிலத்திலேயே, ஒரு மனிதரின் விரல் பட்டால் தின்பண்டம் கெட்டுவிடும் என்றும் நம்பப்பட்டது. இவ்விரு நம்பிக்கைகளும் ஒரே தலையில் குடியிருக்க முடியாது என்பதைக் கண்டுகொள்ள ஒரு சிறுமியின் சிரிப்பு தேவைப்பட்டது.

சைவ மரபிலோ துடுக்கான கேள்விக்குத் தனி இலக்கிய வடிவமே உண்டு. அதன் பெயர் சாழல். மகளிர் எதிரெதிராக நின்று ஆடும் விளையாட்டில், ஒருத்தி இறைவனைப் பழிப்பதுபோல் ஒரு வினாவை வீச, மற்றவள் அதற்கு விடை கூறி மடக்குவாள். மாணிக்கவாசகர் திருவாசகத்தில் திருச்சாழல் என்னும் பகுதியில் இருபது பாடல்களை இவ்வடிவில் பாடியிருக்கிறார். திருமங்கையாழ்வாரும் பெரிய திருமொழியில் இதே விளையாட்டைத் திருமாலை வைத்து ஆடியிருக்கிறார். சாம்பலைப் பூசிக்கொண்டு, பாம்பை அணிந்துகொண்டு, சுடுகாட்டில் ஆடி, பிச்சையெடுத்து உண்பவன் எப்படிக் கடவுளாவான் என்று முதலாமவள் கேட்பதைத் தனியே எடுத்து வாசித்தால் கடுமையான சமயக் கண்டனம் போலவே இருக்கும். அந்தக் கேள்வியை வெட்டி எறியாமல், அதைக் கேட்டவளை வாயை மூடச் சொல்லாமல், அடுத்த அடியில் விடைக்கு இடம் தந்து இரண்டையும் சேர்த்தே திருமுறையாகத் தொகுத்திருப்பதுதான் கவனிக்கத்தக்கது.

திருச்சாழல் பிறந்த சூழலைப் பற்றிய புராணக் கதை இதைவிடவும் வியப்பானது. தில்லையில் வாதிட வந்த புத்த குருமார் மாணிக்கவாசகர் முன் ஊமையாயினர் என்றும், அவர்களோடு வந்திருந்த ஈழத்து மன்னனுக்குப் பிறவி ஊமையாக ஒரு மகள் இருந்தாள் என்றும், குருமாரின் வினாக்களை மாணிக்கவாசகர் எடுத்துக் கேட்க, அந்தப் பெண் வாய்திறந்து விடையளித்தாள் என்றும், அவ்வினாவிடையே திருச்சாழல் ஆயிற்று என்றும் அக்கதை சொல்கிறது. வரலாறாக இதைக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கற்றறிந்த ஆடவர் அவையில் கடைசிச் சொல் பேசியது அதுவரை பேசியறியாத ஒரு சிறுபெண் என்று கதை கட்டிய மரபு, சிறுமியின் வாயைப் பற்றி எவ்வளவு உயர்வாக நினைத்திருக்க வேண்டும் என்பது தெளிவு. மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பட்ட திருப்பெருந்துறையாகப் போற்றப்படும் ஆவுடையார்கோயில், அறந்தாங்கிப் பக்கத்தில், கண்டனூருக்குக் கிழக்கே இருக்கிறது; செட்டிநாட்டுச் சைவ வீடுகளுக்குத் திருவாசகம் அயலூர் நூலன்று.

இங்கே தொல்காப்பியத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும். உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்னும் அந்நூல், எட்டு மெய்ப்பாடுகளுள் நகையையே முதலில் வைத்து, அது பிறப்பதற்கு நான்கு காரணங்கள் கூறுகிறது. பிறரை இகழும் எள்ளல் ஒன்று, இளமை ஒன்று, அறியாமையாகிய பேதைமை ஒன்று, பிறர் கற்பித்ததைப் பற்றிக்கொண்டு விடாதிருக்கும் மடன் ஒன்று. பெண்ணுக்குரிய பண்புகளாக இலக்கணம் வகுத்தவற்றுள்ளும் மடன் இருக்கிறது. கற்பித்ததை விடாமல் பிடித்துக்கொள் என்பதே ஊர் சிறுமிக்குச் சொல்லும் அறிவுரை. துடுக்கான சிறுமியோ அந்த அறிவுரையைப் பெரியவர்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே பின்பற்றிவிடுகிறாள். எல்லாரும் கடவுளின் பிள்ளைகள் என்று ஞானோபதேச வகுப்பில் சொன்னதை அவள் எழுத்துக்கு எழுத்து நம்புகிறாள். நம்பியதால்தான் கோயிலிலும் கடைத்தெருவிலும் காணும் முரண் அவளுக்குச் சிரிப்பையும் பின்பு சினத்தையும் தருகிறது. பாதி நம்பியவர்களுக்கு அந்த முரண் கண்ணிலேயே படுவதில்லை.

‘சங்கதி’ நாவல் இந்தச் சிரிப்பைத் தனியொருத்தியின் உடைமையாக வைக்காமல் தெரு முழுவதற்கும் பங்கிடுகிறது. ஒரே கதைப்பின்னல் என்று எதுவும் அதில் இல்லை. பிரசவம் பார்ப்பதில் கைதேர்ந்தவளும், இலங்கைக்குப் பிழைக்கப் போன கணவன் திரும்பி வராததால் தனியாகவே வாழ்ந்தவளுமாகிய பாட்டி வெள்ளையம்மா கதைகள் சொல்ல, பேத்தி இடைமறித்துக் கேள்வி கேட்க, பட்டப்பெயர்களும் குலவையும் கேலிப் பாட்டும் சண்டையும் நிறைந்த பேச்சாகவே நாவல் நகர்கிறது. அடிக்கும் கணவனிடமிருந்து தப்பத் தெருவின் நடுவே நின்று கூச்சமின்றி வசைபொழியும் ராக்கம்மாவைக் கண்டு முதலில் முகம்சுளிக்கும் பேத்தி, அந்த வசையே அவளுக்குக் கிடைத்த ஒரே கேடயம் என்பதைப் பிறகு உணர்கிறாள். வளர்தல் என்பது இந்நாவலில் இப்படித்தான் நிகழ்கிறது.

பேய் பிடித்தல் பற்றிய பகுதி சமய விசாரணைக்கு மிகவும் நெருக்கமானது. வயற்காட்டில் தனியே போன பெண்களைப் பேய் பிடித்த கதைகளைப் பாட்டி அடுக்கடுக்காகச் சொல்ல, பேய் ஏன் ஆண்களை விட்டுவிட்டுப் பெண்களையே பிடிக்கிறது, அதிலும் மேல்சாதித் தெருக்களை விட்டுவிட்டு நம் தெருப் பெண்களையே ஏன் தேடி வருகிறது என்று பேத்தி யோசிக்கிறாள். வேடிக்கையாகத் தொடங்கும் இந்த யோசனை, வயலிலும் வீட்டிலும் ஓயாத உழைப்பாலும் அடியாலும் நொந்த உள்ளமே பேயாடுகிறது என்னும் முடிவில் போய் நிற்கிறது. கடவுளையும் பேயையும் பற்றிய நம்பிக்கை யாருக்கு எவ்வாறு பங்கிடப்பட்டிருக்கிறது என்று கேட்கும் இந்தத் துணிவு, பல தத்துவ நூல்களின் பக்கங்களைவிடக் கூர்மையானது என்பதில் ஐயமில்லை.

ஆனால் சாழலுக்கும் சங்கதிக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சாழலில் வினாவை வீசும் தோழிக்கு எதிரே விடை சொல்ல ஒரு தோழி நிற்கிறாள். ‘சங்கதி’யிலோ, தன்னை வன்முறைக்கு உட்படுத்த முயன்ற நிலக்கிழாரிடமிருந்து தப்பி ஓடிய மாரியம்மாவின் மேலேயே, ஓர் ஆணோடு சேர்த்துப் பழி சுமத்தப்பட்டு, ஊர்க்கூட்டத்தில் ஆணைவிடப் பெண்ணுக்குக் கூடுதல் அபராதம் விதிக்கப்படும்போது, இது என்ன நியாயம் என்று பேத்தி கேட்கிறாள். காலங்காலமாக அப்படித்தான் என்பதைத் தவிரப் பாட்டியிடம் சொல்ல ஒன்றுமில்லை. விடை கூற வேண்டிய ஊரும் சபையும் வாய் திறப்பதில்லை. கேள்வி கேட்பது பெண்ணின் விளையாட்டாகவும் விடை கூறுவது சமயத்தின் கடமையாகவும் இருந்த ஓர் ஏற்பாடு, விடையில்லாமல் பாதியில் நின்றுபோனதன் பதிவாகவே இந்நாவலைப் படிக்க வேண்டியிருக்கிறது.

செட்டிநாட்டுப் பக்கம் திரும்பினால் இதே நிலை வேறொரு வடிவில் தென்படும். ஆண் குழந்தைகளுக்குக் கார்த்திகைப் புதுமையும் பெண் குழந்தைகளுக்கு மார்கழித் திருவாதிரைப் புதுமையும் நடத்துவது நகரத்தார் வழக்கம். சிறுமிக்குப் பட்டும் நகையும் அணிவித்து அவளையே விழாவின் நடுநாயகமாக்கும் சடங்கு அது. அந்தத் திருவாதிரையை ஒட்டி ஓதப்படும் திருவெம்பாவையோ, விடிந்தும் எழாத தோழியைப் பெண்கள் கேலி செய்து எழுப்பும் பாடல்களோடு தொடங்குவது. ஆயினும் நகரத்தார் குடும்பங்கள் சேர்ந்திருக்கும் ஒன்பது நகரக் கோயில்களின் கணக்கில் அந்தச் சிறுமிக்கு இடமில்லை. கோயில்வரி கொடுக்கும் குடும்ப அலகுக்குப் புள்ளி என்று பெயர். திருமணமான பிறகே புள்ளி தொடங்குகிறது. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. மணமாகாத ஆணும் புள்ளியாகான் என்றாலும், அவன் பிறந்த கோயிலிலேயே பின்னர்ப் புள்ளியாகிறான். பெண்ணோ கணவனின் கோயிலைச் சேர்ந்தவளாகிவிடுகிறாள். மணமக்களுக்குக் கோயிலிலிருந்து மாலை வருவதே அவர்களை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம். கோயில் தரும் மாலைக்குக் காத்திராமல், கோயிலுக்குத் தான் சூடிய மாலையைக் கொடுத்தவள் ஆண்டாள் என்பதை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம்.

வணிகர் குலத்திலேயே இந்தக் கணக்கை விட்டு வெளியேறிய பெண் ஒருவர் உண்டு. காரைக்காலில் தனதத்தனின் மகளாகப் பிறந்த புனிதவதி, இறையருளால் பெற்ற மாங்கனியைக் கண்டு அஞ்சிய கணவன் பரமதத்தன் பிரிந்துபோய் வேறொருத்தியை மணந்துகொண்ட பின், அழகிய உடலை உதறிப் பேய்வடிவை வேண்டிப் பெற்றாரென்று பெரியபுராணம் கூறுகிறது. கயிலையைக் காலால் மிதிக்கலாகாது என்று தலையால் நடந்து ஏறிய அவரை இறைவன் அம்மையே என்று அழைத்தார். அற்புதத் திருவந்தாதியில் அவர் இறைவனின் பாம்பையும் எலும்பு மாலையையும் குறித்துப் பேசும் இடங்களில், பயபக்தியோடு உரிமையான கிண்டலும் கலந்தே ஒலிக்கிறது. ‘சங்கதி’யின் பெண்களைப் பேய் வந்து பிடிக்க, காரைக்கால் அம்மையாரோ பேய்வடிவைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். பெண்ணின் பேய்மையைப் பற்றித் தமிழ்ச் சமயம் பேசிய இரு துருவங்கள் இவை.

அடக்கமின்றி ஆன்மிகம் இல்லை, சிரிப்பு பெருகினால் பயபக்தி குறையும் என்று இதற்கு மறுப்புக் கூறப்படலாம். அந்த மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. எதையும் எள்ளி நகையாடும் மனம் எதையும் வணங்காமல் போவதும் உண்டு. ஆனால் மரபு இந்த அளவுகோலை எல்லாரிடமும் ஒரே மாதிரி நீட்டவில்லை. மணப்பந்தலில் தன்னை அடிமை என்று வழக்கிட்டு வந்த கிழவரைப் பித்தன் என்று ஏசிய சுந்தரர், அந்த ஏச்சையே முதற் சொல்லாக வைத்துத் தேவாரம் பாடினார். வன்தொண்டர் என்னும் பட்டமும் பெற்றார். அதே வாயைத் திறக்கும் சிறுமிக்கு ஊர் தருவது வாயாடி என்னும் பெயர். ஆணின் வன்மொழி தொண்டாகவும் பெண்ணின் வன்மொழி குற்றமாகவும் எண்ணப்படுவதை அடக்கம் என்னும் அறத்தால் நியாயப்படுத்த இயலாது.

பாமாவின் வாழ்க்கையும் இதற்குச் சான்று. எளியவர்களுக்குத் தொண்டு செய்யும் நோக்கத்தோடு கன்னியர் மடத்தில் சேர்ந்த அவர், அங்கே வறுமை விரதத்தின் பெயரால் வசதியான வாழ்வும், தொண்டின் பெயரால் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கான கல்வியும் நடப்பதைக் கண்டு, ஏழு ஆண்டுகளுக்குப் பின் வெளியேறினார். ‘கருக்கு’ நூலில் அவர் விட்டு விலகுவது மடத்தையே. நீதி கேட்ட இயேசுவை அவர் விடவில்லை. பணிவையும் கீழ்ப்படிதலையும் மட்டும் போதித்தவர்கள் அந்த இயேசுவை மறைத்துவிட்டார்கள் என்பதே அவருடைய குற்றச்சாட்டு. சிறுமியாக இருந்தபோது எழுந்த சிரிப்பு முதிர்ந்து சமய விமரிசனமாக நிற்கும் இடம் இது. அதை நாத்திகம் என்று வகைப்படுத்துவோர் நூலைப் பாதியிலேயே மூடிவைத்தவர்கள்.

மார்கழியில் திருவெம்பாவையும் திருச்சாழலும் ஓதும் கண்டனூர்ப் பக்கத்து வாசகர்கள், அந்த மாதத்திலேயே ‘சங்கதி’யையும் எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும்; வீட்டுச் சிறுமி கோயிலைப் பற்றியோ தீட்டைப் பற்றியோ ஏடாகூடமாக ஒன்று கேட்டால், அவளை அதட்டுவதை விடுத்து, சாழலின் இரண்டாம் தோழியைப் போல எதிரே நின்று விடை சொல்ல வேண்டும்; சொல்ல விடை இல்லையென்றால், கேள்விக்கு உள்ளான அந்த வழக்கத்தைக் கைவிட வேண்டும்.